வண்ணத்தில் விளைந்த வயல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார வயல்களை அன்றாடம் பார்க்கும் நேயர்களே! பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோவுக்கும் வயல்தான் உலகம். 1874 முதல் 1886 வரை பாரிசில் நடந்த எட்டு இம்ப்ரெஷனிசக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் அவர். எண்ணெய் வண்ணத்தை மழுமழுவென்று தேய்க்காமல், சின்னச் சின்னத் தீற்றல்களாக அடுக்கினார். கிட்டே போனால் உழுத மண்ணின் சொரசொரப்பு. தள்ளி நின்றால் வெயிலில் குனிந்து வேலை செய்யும் பெண். நிழலுக்கும் கறுப்பைத் தவிர்த்து நீலமும் ஊதாவும் சேர்த்தார். எவ்வளவு கூர்மையான பார்வை!

பாரிசில் பயின்ற நம் அம்ரிதா ஷெர்கில், 1937-இல் சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தாரை வரைந்தார். அவர் வழி வேறு: அகலமான, அடர்ந்த வண்ணப் பரப்புகள்.

ஓவியம் பழகும் பிள்ளைகளே, அறுப்பு நடக்கும் வயலை வரப்பில் உட்கார்ந்தே வரைந்து பாருங்கள்.