ரபிகளின் பண்டைய நூல்களும் இந்திய யூதர்களும்

ரபிகளின் பண்டைய நூல்கள் என்பவை பொ.ஆ. முதல் நூற்றாண்டுகளில் யூத சமயச் சட்ட அறிஞர்களான ரபிகள் உருவாக்கிய சட்ட, விளக்க நூல்களாகும். மிஷ்னா, தல்மூத், மித்ராஷ் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. யார் யூதர், யாரை மணக்கலாம், எத்தனை பேர் கூடினால் பொது வழிபாடு நடத்தலாம் என்பன போன்ற கேள்விகளுக்கு இன்றும் மரபுவழி யூதர்கள் இந்நூல்களையே நாடுகின்றனர். இந்தியாவில் கொச்சி யூதர்களும் மகாராட்டிரத்துப் பெனே இஸ்ரேல் யூதர்களும் இந்நூல்களால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள்.

நூல்களின் தோற்றம்

பொ.ஆ. 70இல் உரோமானியர்கள் எருசலேம் கோயிலை அழித்தபின் பலியிடும் வழிபாடு நின்றது. அதன் இடத்தைத் தொழுகையும் கல்வியும் பிடித்தன. அதுவரை வாய்மொழியாக இருந்த சட்ட மரபை ஏறத்தாழ 200இல் ரபி யூதா என்பவர் மிஷ்னா என்ற பெயரில் ஆறு பிரிவுகளாகத் தொகுத்தார். பாபிலோனியாவில் மிஷ்னாவைப் பற்றி நடந்த விவாதங்கள் பின்னர் தொகுக்கப்பட்டுப் பாபிலோனிய தல்மூத் ஆயின. மூலத்தைச் சுற்றி உரை, உரையைச் சுற்றி மறு உரை என வளரும் இதன் அமைப்பு தமிழ் உரைமரபை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல.

கருத்து வேறுபாட்டைக் காத்தல்

இந்நூல்களில் ஏற்கப்பட்ட தீர்ப்போடு ஏற்கப்படாத கருத்தும் அதைச் சொன்னவர் பெயருடன் இடம்பெறுகிறது. ஏற்கப்படாத கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று மிஷ்னாவே கேட்கிறது. பிற்கால நீதிமன்றம் ஒன்று அக்கருத்தைச் சரியெனக் கண்டால் அதைச் சார்ந்து தீர்ப்பளிக்கலாம் என்பது அது கூறும் காரணங்களுள் ஒன்று. இல்லேல், ஷம்மாய் ஆகிய இருவரின் பள்ளிகளும் திருமணச் சட்டத்திலேயே முரண்பட்டிருந்தன. ஆயினும் ஒரு பள்ளியினர் மற்றப் பள்ளியினருடன் மணவுறவு கொள்வதை நிறுத்தவில்லை என்றும் மிஷ்னா குறிப்பிடுகிறது.

கொச்சி வழக்கு

கொச்சியில் பரதேசி யூதர்கள் எனப்பட்டோர் ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். இவர்களது தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினரும் மதம் மாறியோரின் வழியினரும் ‘மெஷுக்ராரிம்’, அதாவது விடுவிக்கப்பட்டோர், எனப்பட்டனர். இவர்கள் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரவோ பரதேசிக் குடும்பங்களில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவோ முடியாது.

முறைப்படி முழுக்கு முடித்து மதம் மாறியவர் எல்லா வகையிலும் யூதரே என்பது தல்மூத்தின் விதி. 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து இச்சிக்கல் குறித்து எகிப்தின் கெய்ரோ நகரில் இருந்த ரபி தாவீது இபின் சிம்ராவுக்குக் கடிதம் சென்றது. முறைப்படி மதம் மாறியோரும் விடுதலை பெற்றோரும் யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்ற கருத்தில் அவர் விடை எழுதினார். எகிப்திலேயே வாழ்ந்த ரபி யாக்கோபு காஸ்ட்ரோவும் பின்னர் அவ்வாறே தீர்ப்பளித்தார். எனினும் சாதி வழக்கங்கள் நிலவிய கேரளச் சூழலில் இத்தீர்ப்புகள் நடைமுறைக்கு வரவில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகே நிலைமை மாறியது. அதற்குப் போராடியவர் ஏ. பி. சேலம் (1882–1967). மெஷுக்ராரிம் குடும்பத்தில் பிறந்த இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். திருவல்லிக்கேணியை ஒட்டிய சேப்பாக்கம் கடற்கரையில் உள்ள பல்கலைக்கழகம் அது. வழக்கறிஞரான சேலம், சத்தியாகிரக முறையில் தொழுகைக்கூடத்தில் சம உரிமை கோரினார். ‘யூத காந்தி’ என்றும் அழைக்கப்பட்டார். தடைகள் படிப்படியாக நீங்கின. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். நூலில் இருந்த சமத்துவம் நடைமுறைக்கு வரத் தொழுகைக்கூடத்துக்குள் ஒருவர் போராட வேண்டியிருந்தது.

பெனே இஸ்ரேல், எத்தியோப்பிய யூதர்கள்

இதே சட்ட மரபு தடையாகவும் நின்றதுண்டு. பெனே இஸ்ரேல் யூதர்கள் நீண்டகாலம் பிற யூதர்களிடமிருந்து பிரிந்து கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களின் முன்னோர் ரபிகளின் மணமுறிவுச் சட்டத்தை அறிந்து பின்பற்றினார்களா என்ற ஐயத்தை இஸ்ரேலில் சில ரபிகள் எழுப்பினர். 1960களின் தொடக்கத்தில் அவர்களின் திருமணங்களுக்கு வம்ச விசாரணை கோரப்பட்டது. பெனே இஸ்ரேல் மக்கள் இதை எதிர்த்துப் போராடினர். அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அறிவித்தது.

எத்தியோப்பிய யூதர்களுக்குப் பழைய தீர்ப்பே உதவியது. கொச்சிக்கு விடை எழுதிய தாவீது இபின் சிம்ரா அவர்களையும் யூதர் என்று எழுதியிருந்தார். 1973இல் இஸ்ரேலின் செபார்திய தலைமை ரபி ஓவாதியா யோசேப் அதைச் சான்றாகக் காட்டி அவர்களை ஏற்றார்.

பத்துப் பேர் விதி

பொது வழிபாட்டுக்குக் குறைந்தது பத்துப் பேர் தேவை என்பது மிஷ்னாவில் உள்ள விதி. இக்குழு மின்யான் எனப்படும். மரபுவழியினர் ஆண்களை மட்டுமே இதில் கணக்கிடுவர். சீர்திருத்த யூதர்களும் பெரும்பாலான கன்சர்வேடிவ் பிரிவினரும் பெண்களையும் சேர்ப்பர். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அதன்பின் பரதேசி தொழுகைக்கூடத்தில் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூரிலிருந்து வரும் யூதர்களின் துணை தேவைப்படுகிறது. சென்னையிலும் ஒரு காலத்தில் வைர, பவள வணிகம் செய்த யூதர்கள் இருந்தனர். 1688இல் தொடங்கிய மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். திருவல்லிக்கேணிக்கு அருகே லாயிட்ஸ் சாலையில் உள்ள யூதர் கல்லறை அச்சமூகத்தின் எஞ்சிய அடையாளமாகும்.

இன்றைய வாசிப்பு

1923இல் ரபி மெயிர் ஷபிரோ நாளுக்கு ஓர் ஏடு வீதம் பாபிலோனிய தல்மூத் முழுவதையும் படிக்கும் திட்டத்தை முன்வைத்தார். மொத்தம் 2,711 ஏடுகள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். உலகெங்கும் ஒரே நாளில் ஒரே ஏடு படிக்கப்படுகிறது. பதினான்காம் சுற்று 2020 சனவரியில் தொடங்கியது. முற்காலத்தில் பெரும்பாலும் ஆண்களே பயின்ற தல்மூத்தை இன்று பெண்களும் பரவலாகப் படிக்கின்றனர். செஃபாரியா இணையதளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. கொச்சி யூதர்கள் ஒரு விடைக்காகக் கெய்ரோவுக்குக் கடல் கடந்து கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. இன்று அத்தகைய விதியை எவரும் தாமே தேடிப் படித்து, அதைக் காட்டி வாதிட முடியும்.