புட்டியில் உள்ள வயது சுவையைச் சொல்லுமா?

புட்டியில் அச்சிட்ட வயதை வைத்தே சிங்கிள் மால்ட் விஸ்கியை மதிப்பிடுவது பலரின் வழக்கம். ஓசூரிலிருந்து மாநில எல்லை தாண்டியுள்ள பெங்களூரு அதைக் கேள்விக்குள்ளாக்குகிறது. அங்குள்ள அம்ருத் நிறுவனம் 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது. அதன் விஸ்கிகள் பெரும்பாலும் சில ஆண்டுகளே பீப்பாயில் இருந்தவை. பிறகு அவற்றில் சுவைச் செறிவு எப்படி வந்தது? வெயில் ஏறும்போது மது விரிந்து ஓக் மரத்துக்குள் ஊடுருவும். குளிர்ந்ததும் சுருங்கிப் பின்வாங்கும். வரும்போது வெனிலின், டானின் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். ஓசூரும் பெங்களூரும் சுமார் 900 மீட்டர் உயர மேட்டுநிலங்கள். நமக்குக் குளுமைதான், ஆனால் விஸ்கி நாடான அயர்லாந்தைவிட வெப்பம் மிகுதி. எனவே கரைதல் வேகமாகிறது.

விஸ்கியைப் பல பீப்பாய்களில் மாற்றி வைப்பதற்கும் காரணம் மரமே. போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய் வெனிலா மணத்தையும், ஷெர்ரி ஒயின் இருந்தது உலர்பழச் சுவையையும் தரும். அயர்லாந்தின் முதிர்ந்த மால்ட்டுகள் பலவும் இப்படி அடுக்கடுக்காகச் சுவை சேர்ப்பவை. அப்படியானால் காலத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு: பீப்பாய்க்குள் கசியும் ஆக்சிஜன் காரத்தைத் தணிக்கும், ஆல்கஹாலும் அமிலமும் கூடிப் பழமணம் தரும் எஸ்டர்களாகும். இவற்றுக்குப் பொறுமை வேண்டும். ஆனால் அயர்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத மது ஆவியாகிறது. பெங்களூரில் 10 சதவீதத்தை ஒட்டி. அந்தக் கணக்கில் 8 ஆண்டுகளில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவதில் மரக்கசப்பு ஏறலாம். ஆகவே வயது என்பது காலக்கணக்கு மட்டுமே; தட்பவெப்பமும் மரமும் சேராமல் அது சுவைக்கணக்கு ஆகாது.