காட்டு உண்ணியும் மூளைக் காய்ச்சலும்

மாடு கன்று வைத்திருக்கும் அங்கத்தினர் எவருக்கும் உண்ணியைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காதுமடலிலும் மடியருகிலும் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தை உறிஞ்சி, ஆமணக்கு முத்துப் போலப் பருத்து நிற்கும் அதனைப் பிடுங்கி, விரலால் நசுக்கி எறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அது கால்நடையின் தொல்லை. மனிதருக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை என்பதே நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், அத்தவறு எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காரணம் தெரியாத வியாதி

ரஷ்யாவின் கீழ்க்கோடியில், பசிபிக் சமுத்திரத்தை அடுத்து, டைகா என்னும் அடர்ந்த காடு பரந்து கிடக்கிறது. 1930ஆம் ஆண்டுகளில் அங்கே மரம் வெட்டவும் புதிய ஊர்கள் அமைக்கவும் ஏராளமானவர்கள் சென்று குடியேறினர். ஆண்டுதோறும் வசந்த காலம் பிறந்ததும் அவர்களிடையே ஒரு கொடிய வியாதி தோன்றும். கடுங்காய்ச்சலும் தாங்கொணாத தலைவலியும் முதலில் வரும். பின்னர் நினைவு தடுமாறும். கழுத்தும் கைகளும் செயலிழக்கும். பலர் மாண்டனர். பிழைத்தவர்களிலும் சிலர் தலையை நிமிர்த்த முடியாமலும் கையைத் தூக்க முடியாமலும் காலமெல்லாம் துன்புற்றனர்.

இது கடுமையான விஷக் காய்ச்சல் என்று சிலர் நினைத்தனர். ஜப்பானில் கொசுவினால் பரவும் மூளைக் காய்ச்சலின் ஒரு வகை என்பது வேறு சிலருடைய கருத்து. உண்மையைக் கண்டறிய 1937ஆம் ஆண்டில் டாக்டர் லெவ் ஸில்பர் என்பவரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு மாஸ்கோவிலிருந்து அனுப்பப்பட்டது.

ஸில்பர் முதலில் நோயாளிகளைப் பற்றிய பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். நோயுற்றவர்கள் ஒருவரோடொருவர் பழகியவர்கள் அல்லர். ஆகவே இது தொற்றிப் பரவும் வியாதியாகத் தோன்றவில்லை. கொசு பெருகும் கோடைக்கு முன்னரே நோய் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே கொசுவும் காரணமல்ல. அப்படியானால் இவர்கள் யாவருக்கும் பொதுவானது யாது? அவர்கள் காட்டிற்குள் சென்று வந்தவர்கள் என்பதே. பனி உருகியதும் அக்காட்டில் முதலில் வெளிப்பட்டு மனிதர்மேல் ஏறுவது உண்ணி. சில மாதங்களுக்குள் நோயின் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதனைச் சுமந்து திரிவது உண்ணியே என்பதும் உறுதியாயிற்று. “நீர் என்ன வேலை செய்தீர்? எங்கே சென்றீர்?” என்று நோயாளியைக் கேட்ட எளிய கேள்வியே இதற்கெல்லாம் வழி திறந்தது.

இந்த அறிவுக்குக் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது. குழுவைச் சேர்ந்த மிகயீல் சுமக்கோவ் அந்நோய்க்கே ஆளாகி, செவிப்புலனை இழந்தார். அவருடைய வலக்கையும் வலுவிழந்தது. பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத்திற்கான தடுப்பு மருந்தை ரஷ்யாவில் பெருமளவில் தயாரித்தவர் அவரே. தலைவர் ஸில்பருக்கோ பாராட்டுக்குப் பதில் சிறை கிடைத்தது. அதே 1937ஆம் ஆண்டில் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாகி, 1939இல்தான் அவர் விடுதலை பெற்றார்.

காடு காணாதவருக்கும் வந்தது

“நாம் தறியில் அமர்ந்திருப்பவர்கள், காட்டு உண்ணி நம்மை என்ன செய்யும்?” என்று நெசவாளர் அன்பர்கள் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது 1951ஆம் ஆண்டின் செய்தி.

இன்றைய ஸ்லோவாக்கியா நாட்டில் ரோஸ்னவா என்று ஒரு நகரம் உண்டு. அவ்வாண்டில் அங்கே குறைந்தது 660 பேர் இதே இனத்தைச் சேர்ந்த மூளைக் காய்ச்சலுக்கு ஆளாயினர். பால் பண்ணையிலிருந்து வந்த பாலே அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. பசும்பாலோடு ஆட்டுப்பாலும் கலந்திருந்தது. அது முறையாகக் காய்ச்சிப் பதப்படுத்தப்படவில்லை. காட்டோரம் மேய்ந்த ஆடுகளை உண்ணிகள் கடித்திருந்தன. ஆட்டின் இரத்தத்திலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து மனிதருக்கும் வைரஸ் வந்து சேர்ந்தது. காட்டையே மிதியாதவர்களைக் காட்டின் வியாதி அவர்கள் வீட்டிற்கே தேடி வந்தது. நன்றாகக் காய்ச்சியிருந்தால் இந்த வைரஸ் அழிந்திருக்கும்.

நமது அண்டையில்

இவை குளிர்நாட்டு விஷயங்கள் என்று நாம் வாளாவிருக்க இயலாது. 1957ஆம் ஆண்டில் அக்காலத்து மைசூர் ராஜ்யத்துச் சிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்துக் கிராமங்களில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டிற்குச் சென்றவர்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினார்கள். புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, இது முற்றிலும் புதிய வைரஸ் என்றும், ரஷ்யக் காட்டு வைரஸுக்கு நெருங்கிய உறவுடையது என்றும், உண்ணியே இதனையும் பரப்புகிறது என்றும் கண்டனர். ‘கியாசனூர் காட்டு நோய்’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. மக்கள் அதனைக் ‘குரங்குக் காய்ச்சல்’ என்கிறார்கள்.

நெடுங்காலம் கன்னட நாட்டின் மலைப்புறத்தோடு நின்ற இந்நோய் 2012ஆம் ஆண்டிற்குப் பின் நீலகிரி, வயநாடு பகுதிகளிலும் தென்பட்டிருக்கிறது. மார்கழி முதல் வைகாசி வரையே இதன் காலம். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கடும் உடல்வலி, வாந்தி ஆகியவை முதலில் தோன்றும். சிலருக்கு இரத்தக் கசிவும் உண்டாகும். பெரும்பாலோர் இரண்டொரு வாரத்தில் தேறிவிடுவர். ஆனால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் காய்ச்சல் தணிந்த பிறகு மறுபடியும் வருகிறது. இம்முறை நடுக்கம், மனத் தடுமாற்றம், பார்வை மங்கல் முதலிய மூளைக் கோளாறுகளையும் உடன் கொண்டுவருகிறது. நோயுற்றவர்களில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழக்கின்றனர். இதற்கென்று தனி மருந்து கிடையாது. பல்லாண்டுகள் போடப்பட்டு வந்த தடுப்பூசியும் போதிய பலன் தரவில்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது.

இத்தகைய வியாதிகள் அனைத்தும் அறியப்பட்டுவிட்டன என்றும் எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டில், சீனாவின் உள் மங்கோலியாவில் ஒரு சதுப்பு நிலத்திற்குச் சென்று உண்ணிக்கடி பட்ட ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனையை அடைந்தார். அவரது இரத்தத்தில் அதுவரை எவரும் அறியாத ஒரு வைரஸ் இருந்தது. பின்னர்த் தேடியபோது அதே வைரஸ் மேலும் 17 பேரிடம் காணப்பட்டது. அவர்களில் ஒருவர் நினைவிழந்து கிடந்தவர். நோயாளி தம்மை உண்ணி கடித்ததைச் சொல்லியிராவிடில், அதுவும் பெயரற்ற காய்ச்சல்களில் ஒன்றாகவே போயிருக்கும்.

நாம் செய்ய வேண்டுவன

காட்டோரம் செல்வோர் கைகால்களை மூடும் உடை அணிய வேண்டும். வெளித் தோலில் பூச உண்ணி விரட்டும் தைலங்கள் உண்டு. வீடு திரும்பியதும் துணிகளை வெந்நீரில் ஊறவைத்து, குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டிய உண்ணியை நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து, முறுக்காமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், பீடி நெருப்பால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுக.

காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடாமல் வனத்துறையினருக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் எவரும் பருகலாகாது. கியாசனூர் காட்டு நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆகையால் நோயாளியை ஒதுக்கி வைப்பது தேவையற்றது, இரக்கமற்றதும் ஆகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது, எங்கே வேலை செய்தோம், எப்போது காட்டிற்குச் சென்றோம், உண்ணி கடித்ததா என்பவற்றை அவர் கேளாவிடினும் நாமே சொல்ல வேண்டும். அற்ப விஷயமென்று மறைக்கலாகாது. ஸில்பர் கேட்டறிந்தது அந்த அற்ப விஷயத்தைத்தான்.

மலையடிவாரத்துச் சங்கங்களின் காரியதரிசிகள் மார்கழிக்கு முந்திய மாதக் கூட்டத்தில் இக்கட்டுரையை உரக்க வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறோம். படிக்கத் தெரியாத அங்கத்தினர் ஒருவருக்கு இது பயன்பட்டாலும் நமது முயற்சி வீண்போகாது.