கம்பளையிலிருந்து இலண்டன் வரை: அல்பேர்ட் மோசஸும் மொழியின் அதிகாரமும்

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, ஹற்றன், நானுஓயா என்று மேலேறிச் செல்லும் மலையகப் புகையிரதப் பாதையில், மகாவலி கங்கைக் கரையில் அமைந்த நகரம் கம்பளை. தேயிலைத் தோட்டங்கள் சூழ, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இந்நகரில் 1937 டிசம்பர் 19ஆம் திகதி பிறந்த ஒருவர், 40 ஆண்டுகளின் பின்னர் பல நாடுகளின் தொலைக்காட்சித் திரைகளில் அறிமுகமான முகமாக விளங்கினார். அவரே பிரித்தானிய நகைச்சுவை நடிகர் அல்பேர்ட் மோசஸ். 2017 செப்டெம்பர் 15ஆம் திகதி அவர் காலமானார். தலைப்பாகையும் தாடியுமாக அவரைத் திரையில் கண்டு சிரித்தவர்கள் எம்மிடையே பலருளர். அவர் எமது மலைநாட்டில் பிறந்தவர் என்பதை அறிந்தவர்களோ வெகு சிலரே.

1960களில் இந்தியா சென்று திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கிய மோசஸ், பின்னர் ஆபிரிக்காவில் விவரணப் படங்களில் பணியாற்றி, 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவை அடைந்தார். சிறு வேடங்களே முதலில் கிடைத்தன. 1975இல் ஜோன் ஹியூஸ்டன் இயக்கிய 'த மேன் ஹூ வுட் பி கிங்' படத்தில் தோன்றினார். 1977இல் ஜேம்ஸ் பொண்ட் படமான 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் மதுபானச்சாலைப் பணியாளர். 1983இல் 'ஒக்டோபசி'யில் சத்ருதீன். 1999இல் 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்தில் அப்துல் கரீம். ஆயினும் அவருக்கு நிலையான புகழைத் தந்தது 1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற தொலைக்காட்சித் தொடரே.

வின்ஸ் பவல் உருவாக்கிய இத்தொடரின் களம் இலண்டனின் ஒரு மாலை நேர வகுப்பு. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கு ஆங்கிலம் கற்கின்றனர். அவர்களின் உச்சரிப்புப் பிழைகளும் பொருள் மயக்கங்களுமே நகைச்சுவையின் அடித்தளம். மோசஸ் ஏற்றது ரஞ்சித் சிங் என்ற பஞ்சாபிச் சீக்கியரின் பாத்திரம். எடுத்ததற்கெல்லாம் ஆயிரம் முறை மன்னிப்புக் கோருவதும், பாகிஸ்தானியரான அலி நதீமுடன் ஓயாது சச்சரவிடுவதும் அப்பாத்திரத்தின் இயல்பு. அலியாக நடித்த டினோ ஷபீக் டாக்காவில் பிறந்தவர். 1979 வரை 29 அத்தியாயங்கள் ஒளிபரப்பான பின், இனங்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டுகின்றது என்ற காரணத்தால் நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மைக்கல் கிரேட் இதனை நிறுத்தினார். 1986இல் மேலும் 13 அத்தியாயங்கள் தயாரிக்கப்பட்டன. எந்த மக்களைக் கேலி செய்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதோ, அவர்களின் நாடுகளிலேயே இத்தொடர் விரும்பிப் பார்க்கப்பட்டது என்பது கவனத்திற்குரியது. இந்தியாவின் தூர்தர்ஷன் 1993இல் 'சபான் சம்பால்கே' என்ற பெயரில் இதன் இந்தி வடிவத்தை ஒளிபரப்பியது.

மோசஸ் நடித்த காலத்தையும் நாம் மறத்தலாகாது. 1969இல் 'கறி அண்ட் சிப்ஸ்' தொடரில் ஸ்பைக் மில்லிகன் முகத்தில் மாநிறம் பூசிப் பாகிஸ்தானியராக நடித்தார். 1974இல் தொடங்கிய 'இட் எய்ன்ட் ஹாவ் ஹொட் மம்' தொடரில் மைக்கல் பேட்ஸ் என்ற வெள்ளையர் இந்தியராக வேடமிட்டார். அத்தகைய சூழலில் ஆசியப் பாத்திரத்தை ஆசியரே ஏற்றமை ஒரு முன்னேற்றமே. ஆனால் கம்பளையில் பிறந்த மோசஸ் என்ற பெயருடையவர் சீக்கியராகவும் முஸ்லிமாகவும் மாறி மாறி நடிக்க நேர்ந்தது, தென்னாசியர் அனைவரும் ஒருவரே என்ற பார்வையின் விளைவாகும். கிடைத்த வேடத்தை மறுத்தால் வாழ்வில்லை, ஏற்றால் பழி. புலம்பெயர்ந்த கலைஞரின் இந்த இக்கட்டை உணராது அவரைக் குறை கூறுதல் எளிது.

இங்கே ஒரு முரணை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்க வந்த ஆங்கிலேயத் துரைமாரும் மொழி கற்க வேண்டியவர்களாகவே இருந்தனர். அவர்களுக்கென்றே தமிழ்க் கைந்நூல்கள் அச்சிடப்பட்டன. வா, போ, எடு, வெட்டு என்ற ஏவல் சொற்களே அவர்கள் முதலில் தேடிய தமிழ். சின்னத்துரையின் உச்சரிப்பு எத்துணை பிழையாக இருப்பினும் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி அவர் முன்னிலையில் சிரிக்க முடியாது. பின்னர் அதே மலைநாட்டில் பிறந்தவர் இலண்டன் சென்றபோது, ஆங்கிலத்தைப் பிழையாகப் பேசிக் காட்டுவதே அவருக்குப் பிழைப்பாயிற்று. பிழை இரு பக்கமும் உண்டு. எவருடைய பிழை சிரிப்புக்குரியது என்பதை அதிகாரமே தீர்மானிக்கின்றது. ஆங்கிலத்தைச் சிங்களப் பேச்சு வழக்கில் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பதும் இவ்வுண்மை கருதியே.

இதற்கு மாற்றான சிரிப்பையும் இந்நாடு கண்டதுண்டு. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் எஸ்.ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம்களின் தமிழைப் பேசினார், பி.எச்.அப்துல் ஹமீட் ஐயராகப் பேசினார். ரி.ராஜகோபாலின் அப்புக்குட்டியும் எஸ்.செல்வசேகரனின் உபாலியும் உடனிருந்தனர். 1976இல் இது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. எவரும் மேலோர் இல்லை. நால்வர் பேச்சும் சமமாகச் சிரிப்பூட்டியது. 2016இல் மறையும் வரை ராம்தாஸின் பெயருடன் 'மரிக்கார்' ஒட்டியே நின்றது. தம் மொழியைப் பேசிய இந்துவை முஸ்லிம்கள் தம்மவராகவே ஏற்றதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் எமது அன்றாட வாழ்வில் நிலைமை அவ்வாறில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல் இன்னும் முற்றாக மறையவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் பேச்சு நகரப் பாடசாலையிலும், முஸ்லிம் பிள்ளையின் பேச்சு தமிழ் வகுப்பறையிலும் நையாண்டிக்கு உள்ளாவதை நாம் அறிவோம். அங்கே சிரிப்பவர்கள் ஆங்கிலேயர் அல்லர், நாமே. இலண்டன் தொடரைக் குறை கூறும் உரிமை, முதலில் எமது வகுப்பறைகளைத் திருத்திய பின்னரே எமக்கு உண்டு. பிழையாகப் பேசத் துணியும் பிள்ளையே மொழியைக் கற்கும். அந்தத் துணிவை ஒரு கேலிச் சிரிப்பால் அழித்துவிடாதிருப்பது ஆசிரியர்களதும் பெற்றோரதும் கடமையாகும்.