யாருடைய பேய்? குறைந்த செலவுப் பேய்ப்படங்களும் பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்விகளும்

குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படம் ஒன்றைப் பார்த்து முடித்தவர்கள் கூறும் கருத்துகள் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகின்றன: ‘பயமாக இருந்தது’, ‘பயமே இல்லை’, ‘கதையில் லாஜிக் இல்லை’. சென்னைத் திரையரங்கில் பார்ப்பவரும், நாட்றம்பள்ளிக்குத் திரும்பும் பேருந்தில் கைப்பேசித் திரையில் பார்க்கும் கல்லூரி மாணவரும் இவற்றையே சொல்கின்றனர். இக்கருத்துகளில் தவறில்லை. ஆனால் இவற்றோடு உரையாடல் முடிந்துவிடும்போது, படம் நம்மிடம் சொன்ன முக்கியமான செய்தி ஒன்று கேள்விக்கு உட்படாமல் தப்பிவிடுகிறது. அந்தப் பேய் யார்? அது எங்கிருந்து வந்தது? அதைப் பேசவிட்டவர் யார்? விரட்டியவர் யார்? சாதியச் சமூகத்தில் ஒரு பேய்ப்படத்தின் அரசியலை இக்கேள்விகளே வெளிப்படுத்துகின்றன.

கடன் வாங்கப்பட்ட அச்சம்

பேய்ப்படம் குறைந்த செலவில் சாத்தியமாவது ஏன் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு வீடு, நான்கைந்து நடிகர்கள், இருட்டு, ஒலி ஆகியவை போதும். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் படம் ஏறத்தாழ 15,000 டாலர் செலவில், இயக்குநர் ஓரன் பெலியின் சொந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டு, 2007இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பின்னர் அது உலகெங்கும் ஓடிப் பெரும் பணம் ஈட்டியது. புதிய இயக்குநர்களும் சிறு தயாரிப்பாளர்களும் இவ்வகைப் படங்களை நாடுவதற்கு இத்தகைய கணக்கே காரணம்.

ஆனால் செலவு குறையும்போது வேறொன்றும் நிகழ்கிறது. புதிதாக ஓர் அச்சத்தைக் கட்டியெழுப்பப் படத்திடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. எனவே பார்வையாளரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சத்தை அது கடன் வாங்குகிறது. ஊருக்கு வெளியே உள்ள சுடுகாடு, தரிசு நிலத்துப் புளியமரம், விரித்த கூந்தல், கரிய உடல், விளக்கமுடியாத நாற்றம், தொலைவில் கேட்கும் சாவுப்பறை என இந்த அடையாளங்களைக் காட்டினால் போதும். எதற்கு அஞ்ச வேண்டும் என்று பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த விளக்கத்தைச் சாதி முன்பே கொடுத்துவிட்டது.

பேய் எங்கிருந்து வருகிறது?

முதற்கேள்வி இடத்தைப் பற்றியது. ஊர் வாழும் இடம், சேரி விலக்கப்பட்ட இடம், சுடுகாடு அதற்கும் அப்பால் என்ற வரைபடம் நம் கிராமங்களில் இன்றும் உள்ளது. பேய்ப்படத்தின் கேமரா இவ்வரைபடத்தின் வழியேதான் நடக்கிறது. நல்ல வீட்டுக்குள் தீமை வெளியிலிருந்து வருகிறது. வெளி என்பது எது என்பது சொல்லாமலே புரிகிறது.

பாலாற்றங்கரையில் வாழும் தலித் பார்வையாளருக்கு இக்காட்சி வேறாகத் தெரியக்கூடும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்தது நினைவில் இருக்கும். சுடுகாட்டுக்குச் செல்லும் வழி சாதி இந்துக்களின் நிலத்தில் மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடல் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது. அக்காட்சி காணொளியாகப் பரவிய பின், சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. சுடுகாட்டைக் காட்டி அச்சுறுத்தும் படத்தை அவ்வூர் இளைஞர் பார்க்கும்போது, ‘பயமே இல்லை’ என்று அவர் சொன்னால் அதற்கு ஓர் ஆழ்ந்த பொருள் உண்டு. அவருக்கு அச்சம் தருவது சுடுகாடு அன்று, சுடுகாட்டுக்குப் போகும் வழி.

நாற்றமும் அப்படியே. பேய் வந்திருப்பதற்கு அறிகுறியாகத் திரையில் அழுகல் நாற்றத்தைக் குறிப்பிடுவது பழைய உத்தி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என விரியும் தோல் மண்டலத்தில் நாற்றம் என்பது வேலையின் அடையாளம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலும் ஆற்றில் கலந்த கழிவும் அதை உண்டாக்குகின்றன. அந்நாற்றத்தை உடலில் சுமந்து வீடு திரும்புபவரைத் தீட்டாகக் கருதிய சமூகம், அதே நாற்றத்தைத் திரையில் தீமையின் வாசனையாகக் காண்பதில் வியப்பில்லை.

பேசவிடுபவர் யார்?

இரண்டாம் கேள்வி குரலைப் பற்றியது. தமிழகத்தின் பேயோட்டும் சடங்கில் அடியும் சாட்டையும் மட்டுமே இருப்பதாகப் படங்கள் காட்டுகின்றன. உண்மையில் அச்சடங்கின் நடுப்பகுதி ஒரு விசாரணை. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், 2000இல் வெளியான தம் நூலில் அதை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பம்பைக்காரர்கள் இசைத்துக்கொண்டே, பேய் பிடித்தவராகக் கருதப்படும் பெண்ணிடம் பேயின் பெயர், ஊர், இறந்த விதம், அது விரும்புவது ஆகியவற்றைக் கேட்கின்றனர். பிடிக்கப்படுபவர் பெரும்பாலும் புதிதாக மணமான இளம்பெண். பிடிப்பதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அகால மரணம் அடைந்தவரின் ஆவி. இறுதியில் அப்பெண்ணின் முடிக்கற்றை வெட்டப்பட்டுப் புளியமரத்தில் ஆணியடிக்கப்படுகிறது. அவள் கணவன் வீட்டு வாழ்வுக்குத் திருப்பப்படுகிறாள். பேசவைத்த சடங்கே அவள் சொல்ல நினைத்ததை வேறொருவர் கதையாக மாற்றி அடக்கிவிடுகிறது என்பது நபோகோவின் வாசிப்பு.

இதை வேலையிடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியாவின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் 1970களில் மலாய் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேய் பிடித்து அலறினர். 1978இல் சுங்கை வே என்ற இடத்தில் நுண்ணோக்கி வழியே நாள் முழுதும் பார்த்து வேலை செய்த ஏறத்தாழ 120 பெண்கள் இதற்கு ஆளாயினர்; ஆலை மூன்று நாள் மூடப்பட்டது; மந்திரவாதி அழைக்கப்பட்டு ஆடு பலியிடப்பட்டது. இதை ஆராய்ந்த ஐவா ஓங், 1987இல் வெளிவந்த தம் நூலில், உற்பத்தி இலக்கும் ஆண் மேற்பார்வையாளரின் கண்காணிப்பும் நெருக்கிய உடல், வேறு வழியின்றி எழுப்பிய எதிர்ப்பாக அதைக் கண்டார். நிர்வாகமோ அதைப் பெண்களின் மனநோயாக மட்டும் கண்டது.

நாட்றம்பள்ளி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் காலணி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் பேய்ப்படத்தில் ஒரு பெண் திடீரெனக் கத்துவதைப் பார்க்கும்போது, ‘நடிப்பு மிகை’ என்று மட்டும் எண்ணுவாரா? எண்ணலாம். ஆனால் கத்துவதற்கு அனுமதியே இல்லாத இடத்தில் எட்டு மணிநேரம் நின்றவருக்கு அக்காட்சி வேறொன்றையும் சொல்லக்கூடும். அதை அவரிடமே கேட்டறிவதுதான் நேர்மையான திரை விமர்சனத்தின் தொடக்கம்.

விரட்டுபவர் யார்? மிஞ்சுவது என்ன?

மூன்றாம் கேள்வி தீர்வைப் பற்றியது. இதற்குப் பலரும் பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ 2011இல் வெளியானது. பெற்ற தந்தையால் விரட்டப்பட்ட திருநங்கை காஞ்சனாவுக்கு ஓர் இஸ்லாமியரும் அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும் அடைக்கலம் தருகின்றனர். காஞ்சனா மருத்துவமனை கட்டுவதற்காக நிலம் வாங்குகிறார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அந்நிலத்தைப் பறித்து, மூவரையும் கொன்று, அதே நிலத்தில் புதைக்கிறார். அந்த மண்ணிலிருந்து எழும் ஆவியே நாயகனைப் பிடிக்கிறது.

சாதியின் பெயர் படத்தில் இல்லை. திருநங்கைப் பாத்திரத்தை ஓர் ஆண் நடிகர் ஏற்றார்; நகைச்சுவைக் காட்சிகளில் ஏளனமும் உண்டு. இக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இரண்டு இடங்கள் கவனத்திற்குரியவை. ஆவி பிரிக்கப்பட்ட பின் அதன் கதையைக் கேட்கும் நாயகன், தன் உடலைத் தானே விரும்பி அதற்குக் கொடுக்கிறான். அதாவது, பேய் ஓட்டப்படவில்லை, அதன் கோரிக்கை ஏற்கப்படுகிறது. அடுத்து, கொலையாளி கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். ஆவியால் அங்கே நுழைய இயலாது என்பது அவனுக்குத் தெரியும். வாசலில் நின்று காஞ்சனா நீதி கேட்டுக் கதறிய பிறகே கதவு வழிவிடுகிறது. கொன்றவனுக்குள்ளே இடம், கொல்லப்பட்டவருக்கு வாசலோடு நிறுத்தம் என்ற அக்காட்சியை, ஆலய நுழைவுப் போராட்டங்களின் வரலாறு அறிந்த ஒருவர் வெறும் சண்டைக் காட்சியாகக் கடந்துவிட முடியாது. பஞ்சமி நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தன் நிலத்திலேயே புதைக்கப்பட்டவரின் கதையில் லாஜிக் குறைவாகத் தோன்றவும் வாய்ப்பில்லை.

இதற்கு நேரெதிரான முடிவுகளே எண்ணிக்கையில் மிகுதி. மந்திரம் அறிந்த ஒருவர் வந்து, பேயைக் கட்டி, குடத்தில் அடைத்து, குடும்பத்தின் அமைதியை மீட்டுத் தருகிறார். இறந்தவருக்கு நேர்ந்த அநீதி ஒரு பின்கதையாகச் சில நிமிடம் காட்டப்பட்டு மறக்கப்படுகிறது. வீடு வீட்டாருக்கே மிஞ்சுகிறது.

இறந்தவரை மக்கள் நினைவுகொள்ளும் மரபு இதற்கு மாறானது. கொலையுண்டவரையும் அகாலத்தில் மாண்டவரையும் தெய்வமாக்கி வணங்குவது தமிழக உழைக்கும் மக்களின் வழக்கம். மதுரைவீரனும் காத்தவராயனும் அவ்வாறு வந்தவர்களே. வேலூர்ப் பகுதியில் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் மயானக்கொள்ளையில், அங்காளம்மன் ஊர்வலம் பாலாற்றங்கரை மயானத்துக்கே செல்கிறது. திரையில் பேயாகக் காட்டப்படும் அதே உடலசைவு அங்கே அருளாகக் கருதப்படுகிறது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) படத்தில், பேருந்து நிற்காததால் சாலையிலேயே உயிர்விடும் சிறுமி, பின்னர் தெய்வ முகமூடி அணிந்து ஊருக்குள் நடமாடுகிறாள். அவள் யாரையும் அச்சுறுத்துவதில்லை, மறக்கவிடுவதுமில்லை.

கருத்து ஏன் முக்கியம்?

‘படம்தானே, இதில் இவ்வளவு எதற்கு?’ என்று கேட்கப்படலாம். இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, பேய் பிடித்தல் பற்றிய நம்பிக்கை திரைக்கு வெளியே உடல்களின்மீது செயற்படுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 மனநோயாளிகள் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. சங்கிலியையும் சாட்டையையும் தீர்வாகக் காட்டும் ஒரு படத்தைப் பார்த்து ‘பயமாக இருந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. தெருவில் ஒரு பெண்ணுக்குப் ‘பேய் பிடித்துவிட்டது’ என்று பேச்சு எழும்போது, அவளுக்கு மருத்துவம் தேவையா, வீட்டில் வன்முறை நடக்கிறதா, வேலையிடத்தில் துன்பமா என்று முதலில் கேட்பவராக நாம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பார்வையாளர் கருத்து ஒரு படத்தின் பொருளையே மாற்ற வல்லது. 1968 அக்டோபரில் அமெரிக்காவில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வெளியானது. ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுக்கப்பட்ட சிறு படம். அதன் நாயகனாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். கதாநாயகன் கறுப்பர் என்று தாம் எழுதவில்லை, தேர்வுக்கு வந்தோரில் சிறப்பாக நடித்தவரைத் தேர்ந்தோம் என்றே இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கூறிவந்தார். கதையில் அம்மனிதன் இரவு முழுதும் பிணங்களோடு போராடித் தப்புகிறான். விடிந்ததும், காப்பாற்ற வந்த வெள்ளையரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறான். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஆறு மாதமே ஆகியிருந்த நாட்டில், பார்வையாளர்கள் அந்த முடிவில் தங்கள் வரலாற்றைக் கண்டனர். இயக்குநர் திட்டமிடாத பொருளைப் பார்த்தவர்கள் படத்தில் நிலைநிறுத்தினர். இன்று அப்படத்தை இனவெறியைக் குறிப்பிடாமல் எவரும் பேசுவதில்லை.

நம் மாணவர்களாலும் அது இயலும். அடுத்த பேய்ப்படம் முடிந்ததும், ஒலியும் ஒளியும் எப்படி என்று பேசுங்கள், அதுவும் தேவையே. அதன்பின் இம்மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: பேய் எந்தத் தெருவிலிருந்து வந்தது? அதன் கதையை யார் சொன்னார்? கடைசியில் வீடும் நிலமும் யாரிடம் மிஞ்சின? பேயோட்டி கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ இதுவே: ‘யார் நீ, உனக்கு என்ன வேண்டும்?’ அவர் விரட்டுவதற்காகக் கேட்கிறார். நாம் பதிலைக் கேட்பதற்காகக் கேட்க வேண்டும்.