பெரட்டுக்குப் போனவர்களும் பேரப்பிள்ளைகளும்

ஈப்போவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஜெலாப்பாங். மெனோரா சுரங்கப்பாதை தாண்டி இறங்கும் லாரிகள் இதை ஒட்டித்தான் ஓடுகின்றன. தொழிற்பேட்டையும் தாமான் வீடுகளுமாக மாறிவிட்ட இங்கே, தமிழ்க் குடும்பங்களிடம் பூர்வீகம் கேட்டால் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர் வரும்.

தோட்டத்துக்கு வந்த கதை பசியில் தொடங்குகிறது, அயர்லாந்துக் கதையைப் போலவே. 1845-இல் அங்கே உருளைக்கிழங்கு அழுகியதும் மக்கள் கப்பலேறினார்கள். நம் முன்னோரின் தமிழ்நாட்டில் 1876-இல் தாது வருஷப் பஞ்சம். இரண்டு நாட்டிலும் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே தானியம் துறைமுகம் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. பஞ்சம் ஓய்ந்தும் நிலமில்லாதவர்களின் கடனும் சாதிக் கொடுமையும் ஓயவில்லை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்க ஊருக்கு வந்த கங்காணியின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கங்காணிக்குத் தலைக்காசு; வந்தவர்களுக்கு லயத்து வீடு.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனக்கு ஒதுக்கிய மர நிரைக்குப் போக வேண்டும். முந்தைய வெட்டுக் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், கணக்கெழுதும் கிராணியிடம் ஏச்சு. மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளி மாட்டிச் சுமந்தால்தான் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, காசும் இல்லை. ஒரே வேலைக்கு 1920-களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40.

1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை நிறுத்தியது. பிறகு தோட்டங்களே துண்டாடி விற்கப்பட்டன. மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு லயத்து வீடுகூடச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல்வாதி துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கியது பெரிய காரியம். ஆனால் அது எல்லாரையும் காப்பாற்றவில்லை.

இன்று பேரப்பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார்கள், சிலர் சிங்கப்பூரில். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நிற்பவர்களில் பலர் வங்காளதேசிகள், நேப்பாளிகள். அவர்களும் ஊரில் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள்தான். அவர்கள் கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கங்காணியின் கணக்கில் நசுங்கியவர்களின் வாரிசுகள் நாம். உங்கள் பக்கத்தில் அப்படி நடந்தால், முதலாளி தமிழரே ஆனாலும், தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள்.