பிரேயர் முடிந்ததும் டீம் லிஸ்ட்

முதல் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் போய் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பெயர்தான்: பிரேயர். ‘பிரேயருக்கு லேட்டாப் போனா பி.டி. சார் வெளியிலயே நிக்க வச்சுருவார்’ என்று சொல்லிக்கொண்டே கடைசி இட்லியை விழுங்காத பிள்ளை டெல்டாவில் இருந்திருக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அரசுப் பள்ளிப் பிரேயரில் சாமி கிடையாது. தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், உறுதிமொழி, செய்தி வாசிப்பு, நாட்டுப்பண். அவ்வளவுதான். ஆனாலும் கல்வித் துறைத் தாள்களில்கூட அதன் பெயர் ‘காலை வழிபாட்டுக் கூட்டம்’. சாமி போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

முழுக்கப் போய்விட்டாரா என்றால் அதுவும் இல்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தம் நாடகத்தின் முகப்பில் தமிழைத் தெய்வமாக வணங்கி எழுதிய பாட்டுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. 1970-ல் அரசு அதை எடுத்துக்கொண்டபோது பரம்பொருளைச் சொல்லும் அடிகள் விடுபட்டன. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இது வழிபாட்டுப் பாடல், நாட்டுப்பண் போன்றதல்ல, எனவே எழுந்து நின்றே ஆகவேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை என்றார். அதே மாதம் 17-ஆம் தேதி அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத் திறனாளிகளைத் தவிர அனைவரும் எழுந்து நிற்கவேண்டும் என்றது. எது வழிபாடு, எது மரியாதை என்று பிரிப்பது நீதிபதிகளுக்கே அத்தனை சுலபமாக இல்லை.

பி.டி. வாத்தியாருக்கு மட்டும் எப்படி இருக்கும்?

பிரேயரைக் கட்டி நடத்துகிறவர் பெரும்பாலும் அவர்தான். விசில் அவர் கழுத்தில் தொங்குகிறது. வரிசையை நேராக்குவதற்கு அவர் குரல்தான் எடுபடும். சாயங்காலம் மைதானத்திலும் அதே குரல். குறுவட்டப் போட்டிக்குப் போகிற காலையில் வேன் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலருகே நிற்கும். ஒரு சிதறு தேங்காய், ஒரு கட்டிக் கற்பூரம். ‘எல்லாரும் நல்லா கும்பிட்டுக்குங்கடா’ என்பார் சார். ஆயுத பூஜை வந்தால் விளையாட்டு அறையில் குண்டு, ஈட்டி, கைப்பந்து, ஸ்டம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. யாரும் இதை மதப் போதனையாக நினைப்பதில்லை. புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல, நாற்றங்கால் விடும்போது கிழக்கு பார்த்துக் கும்பிடுவதுபோல, இதுவும் ஒரு கைப்பழக்கம்.

வேனில் இருக்கும் பன்னிரண்டு பேரையும் எண்ணிப் பார்த்தால்தான் சங்கதி மாறும். கால்பந்துக்குப் பேர்போன அதிராம்பட்டினத்து முஸ்லிம் பையன் ஒருவன் இருக்கலாம். பூண்டி மாதா கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிற வீட்டுப் பிள்ளை இருக்கலாம். தாத்தா காலத்திலிருந்து கறுப்புச் சட்டை போட்டு, கல்யாணத்தைக்கூடச் சடங்கில்லாமல் நடத்திய குடும்பத்துப் பையனும் இருக்கலாம். தஞ்சை மாவட்டத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. சார் கும்பிடச் சொல்லும்போது இவர்கள் மூவரும் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் கும்பிட்டுவிடுவார்கள். கட்டாயமா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொய்யும் இல்லை. சார் யாரையும் அதட்டவில்லையே.

இந்தக் கேள்வியைத் தேங்காய் வாசனையே இல்லாத ஓர் ஊரில் ஏறக்குறைய ஆறு வருஷம் கோர்ட்டில் அலசியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் என்ற ஊர். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் ஜோசப் கென்னடி 2008-ல் அமெரிக்கக் கால்பந்துக்குத் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நட்டநடுவில், ஐம்பது கெஜக் கோட்டில், ஒற்றை முழங்கால் மடித்துத் தனியாக ஜெபிப்பார். கொஞ்ச நாளில் ஆட்டக்காரர்கள் சிலர் கூடச் சேர்ந்தார்கள். பிறகு அணியில் பெரும்பாலோர் சேர்ந்தார்கள். ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்து அவர்களுக்கு நாலு வார்த்தை ஊக்கமும் சொல்வார். 2015-ல் எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் போகிற போக்கில் இதைப் பாராட்டிச் சொல்லப்போய்த்தான் பள்ளி நிர்வாகத்துக்கே விஷயம் எட்டியது. நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். அக்டோபரில் ஒரு ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. பேண்டு வாத்தியப் பிள்ளைகள் சிலர் தள்ளுமுள்ளில் விழுந்தார்கள். மாதக் கடைசியில் கென்னடியைச் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார்.

2022 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கென்னடிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஆட்டம் முடிந்தபின் ஒரு மனிதர் அமைதியாகச் செய்த சொந்த ஜெபம் என்று அதை விவரித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர் ஒரு காரியம் செய்தார்: புகைப்படங்களையே தீர்ப்புக்குள் வைத்துவிட்டார். படத்தில் கென்னடி தனியாக இல்லை. சுற்றிலும் சீருடையோடு பையன்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அதே நீதிமன்றம் 2000-ல் டெக்சாஸின் சாண்டா ஃபே பள்ளியில் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர்களே ஜெபம் சொல்வதைக்கூட ஆறுக்கு மூன்று என்றுதான் தடுத்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் காற்று திசை மாறிவிட்டது.

இத்தனை போராடி வென்ற கென்னடி 2023 செப்டம்பர் 1 அன்று மறுபடி மைதானத்துக்கு வந்தார். ஒரே ஒரு ஆட்டம். சில நாளில் ராஜினாமா செய்துவிட்டார்.

அந்த வழக்குக் கட்டில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு செய்தி உண்டு. ஓர் ஆட்டக்காரனின் தந்தை பள்ளியிடம் சொன்னது அது. அவர் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஜெபத்தில் சேர்ந்துகொண்டான். சேராவிட்டால் ஆட இறக்குவது குறைந்துவிடுமோ என்ற பயம். கென்னடி அப்படி யாரையாவது உட்காரவைத்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. பையன் அப்படிக் கணக்குப் போட்டான். லிஸ்ட் யார் கையில் இருக்கிறதோ, அவர் கும்பிட்டால் பதினாறு வயதுக்காரன் அப்படித்தான் கணக்குப் போடுவான். பிரெமர்டனுக்கும் பேராவூரணிக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

நம் பக்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் கனமானது. பள்ளிக் கபடி அணியில் இடம் கிடைப்பது வெறும் ஆட்டம் ஆடுவதற்கான வாய்ப்பு இல்லை. குறுவட்டம் தாண்டினால் மாவட்டம், பிறகு மாநிலம், அதற்கு ஒரு சர்டிபிகேட், அந்தச் சர்டிபிகேட்டுக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு, அதிர்ஷ்டமிருந்தால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை. மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற வீட்டில் இது சின்ன விஷயமா? திருச்சனம்பூண்டி தர்மராஜ் சேரலாதன் இந்தத் தஞ்சை மண்ணிலிருந்து போய் 2016-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் ஆடினார். புரோ கபடியில் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பையும் வாங்கினார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் வடுவூர் என்றாலே கபடிதான். அப்படிப்பட்ட ஊர்களில் பன்னிரண்டு பேரின் பெயர் எழுதிய அந்தத் தாளின் மதிப்பு பி.டி. சாருக்குத் தெரியும். பையன்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு இதற்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் வழிபாடு நடக்கலாம். ஆனால் அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். டெல்டாவில் உதவிபெறும் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பாதிரிமார் தொடங்கியவை, மிராசுதார்கள் தொடங்கியவை, முஸ்லிம் வள்ளல்கள் தொடங்கியவை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றாவது இருக்கும். சேர்க்கைப் படிவத்தோடு எத்தனையோ தாள்களில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிறார்கள். வழிபாட்டுக்குச் சம்மதம் கேட்கும் தாளைத் தங்கள் பிள்ளையின் பள்ளியில் பார்த்ததாக எத்தனை பெற்றோரால் சொல்ல முடியும்?

கோர்ட்டுகள் வேறு வேறு சமயங்களில் வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கின்றன. அரசு விழாக்களில் தேங்காய் உடைப்பதையும் பூஜை செய்வதையும் எதிர்த்து நாத்திகர் சங்கம் தொடுத்த வழக்கை ஆந்திர உயர் நீதிமன்றம் 1992-ல் தள்ளுபடி செய்தது; அது நாட்டு வழக்கம் என்பது அதன் பார்வை. அதற்கு முன்பே, 1986-ல், கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணுக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. கேந்திரிய வித்யாலயாக்களில் தினமும் சொல்லும் சம்ஸ்கிருத, இந்திப் பிரார்த்தனைகளை எதிர்த்த மனுவோ 2019 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இங்கெல்லாம் வாதம் விழா மேடையைப் பற்றியும் காலைக் கூட்டத்தைப் பற்றியும்தான். மைதானம் அதில் வரவில்லை.

தமிழ்நாட்டில் அண்மையில் பெரிதாக வெடித்ததும் மைதானத்தில் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சுக்கென்று அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்பவர், முற்பிறவிப் பாவத்தையும் உடற்குறையையும் முடிச்சுப் போட்டுப் பேசினார். அங்கேயே எழுந்து நின்று தட்டிக் கேட்டவர் பார்வையில்லாத தமிழாசிரியர் ஒருவர். பேச்சாளர் கைதானார், தலைமை ஆசிரியர்கள் மாற்றப்பட்டார்கள். வெளியாள் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினால் கேள்வி கேட்பது எளிது. உள்ளூர்க்காரரான, பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஷூ வாங்கித் தருகிற, நிஜமாகவே நல்லவரான பி.டி. சாரை யார் கேட்பது? சிக்கலே அந்த நல்ல மனிதரிடம்தான் இருக்கிறது.

சாரும் மனிதர்தான், அவருக்கும் சாமி உண்டு. அரசு வேலைக்கு வந்ததால் திருநீற்றை அழித்துவிட்டு வா என்று யாரும் அவரிடம் சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. மதச் சுதந்திரம் தரும் 25-வது பிரிவு அவருக்கும் சேர்த்துத்தான்.

தஞ்சாவூருக்கு இந்த இழுபறி புதிதும் அல்ல. சிறிய கோட்டைக்குள், சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு தேவாலயம் இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் 1779-ல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம்: சாகும் தறுவாயில் படுக்கையில் பாதிரியார், பக்கத்தில் அவர் கையைப் பற்றியபடி இரண்டாம் சரபோஜி. லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனைக் கொண்டு அதைச் செய்வித்தவர் சரபோஜியேதான். சிறுவயதில் அவரைக் காப்பாற்றிப் படிக்கவைத்தவர் சுவார்ட்ஸ். மதம் பரப்புவதற்கென்றே கடல் தாண்டி வந்தவரிடம் வளர்ந்த அந்தப் பிள்ளை 1832-ல் இறக்கும்வரை இந்துவாகவே இருந்தார். குருவிடம் வைத்த அன்பும் கடைசிவரை குறையவில்லை. ஆனால் சரபோஜி இளவரசர். அவர் பேரை லிஸ்டிலிருந்து அடிக்கிற அதிகாரம் சுவார்ட்ஸ் கையில் இல்லை.

கபடிக்காரர்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள், சொல்லித்தந்தவர் யாரென்று தெரியாமலே. களத்துக்குள் காலெடுத்து வைக்கும்போது குனிந்து கோட்டைத் தொட்டு நெஞ்சிலோ கண்ணிலோ ஒற்றிக்கொள்வார்கள். மண் தரை போய் மேட் வந்தபிறகும் அந்தக் குனிதல் நிற்கவில்லை. ஒருவன் முருகனை நினைக்கலாம், ஒருவன் அல்லாவை, ஒருவன் மாதாவை, இன்னொருவன் ஆட்டத்தை மட்டும். ஒரு நொடிதான், யாருடைய உதடும் அசைவதில்லை. தொடாமல் போகிறவனையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் சொல்லிச் செய்வதாக இல்லாததால் அதில் யாருக்கும் கணக்குப் போட வேண்டியிருப்பதில்லை.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு முதல்நாள் சாயங்காலமே டீம் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் வேன் பிள்ளையார் கோயிலருகே நிற்கட்டும். நீங்கள் இறங்கிக் கும்பிடுங்கள், ஆனால் கும்பிடச் சொல்லாதீர்கள். வேனிலேயே உட்கார்ந்திருக்கிற பையன் யாரென்று திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறிக்கொள்ளுங்கள்.